உப்புத்தண்ணி குடித்த வண்டி

கார்த்திகை மாதத்துப் புயலில் கடல் சங்குமுனைக்குள் வந்து ஒன்றரை நாள் தங்கிவிட்டுப் போனதே, அதற்கு மூன்றாம் நாளிலிருந்து ஊரில் இருந்த பதினோரு பேட்டரி வண்டிகளும் பொறாமை கண்ட இடத்தில் கொதிக்க ஆரம்பித்தன. புயல் சேதம் பார்க்க வந்தவர்கள் உப்பளம் கரைந்து போனதையும், தோணிகள் உடைந்து போனதையும், ரேஷன் கடை அரிசி மூட்டைக்குள் நண்டு உயிரோடு கிடந்ததையும் எழுதிக்கொண்டு போனார்கள். வண்டிகள் கொதித்ததை அவர்களும் கேட்கவில்லை, ஊர்க்காரர்களும் சொல்லவில்லை. சொல்லப் போனால் யாரைப் பார்த்து யாருக்கு வயிறு எரிந்தது என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்?

தங்கபுஷ்பத்துக்கு மட்டும் இந்த விஷயம் மற்ற எல்லோருக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் முதலில் கொதித்தது அவளுடைய ஓரகத்தி சுயம்புக்கனியின் வண்டி, கொதிக்க வைத்தது இவள். தங்கபுஷ்பத்தின் புருஷன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் தம்பி, சுயம்புக்கனியின் புருஷன், சரக்குக் கப்பலில் சமையல்காரனாக வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பவன். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஒரே வீட்டின் நடுவில் ஒரு சுவரை வைத்து, தெருவைப் பார்த்த முன்பாதியைத் தம்பிக்கும், புறவாசலும் வேப்பமரமும் சேர்ந்த பின்பாதியை அண்ணனுக்கும் கொடுத்தார்கள். முன்பாதிக்கு ஒரே ஒரு வாசல். பின்பாதிக்குப் பக்கத்துச் சந்து வழியாக வர வேண்டும். இரண்டு பெண்களுக்கும் சண்டை என்று ஒன்றுமில்லை. குழம்பு கூடச் சுவருக்கு மேலாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

சுயம்புக்கனி டவுனில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலை ஆறரை மணிக்கு நீலக் கலர் பேட்டரி வண்டியை எடுத்துக்கொண்டு, பின் சீட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஏழு ஊர்களுக்குப் போய் வீடு வீடாக ரத்தம் எடுத்து வருவாள். அந்த ஆறரை மணியை நினைத்தாலே தங்கபுஷ்பத்துக்கு வயிறு எரியும். மற்ற வண்டிகளைப் போல உதைத்து, இருமி, புகை விட்டுக் கிளம்பினாலாவது பரவாயில்லை. இது நூல் பிரிகிற சத்தம் கூட இல்லாமல் தெருவில் வழுக்கிக்கொண்டு போகும். அதன் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, ஒருத்தரையும் கேட்காமல் ஒரு பொம்பளை ஊரை விட்டு வெளியே போகிறாள். தங்கபுஷ்பம் ஒரு தடவை வெட்கத்தை விட்டு, 'என்னையும் வேப்பலூர் வரைக்கும் ஒரு எட்டு கூட்டிட்டுப் போயேன்' என்று கேட்டே விட்டாள். 'பின்னால பெட்டி இருக்குல்லாக்கா' என்றாள் சுயம்பு. நியாயமான பதில்தான். ஒரு பெட்டிக்குக் கிடைத்த இடம் தனக்குக் கிடைக்கவில்லை என்று தங்கபுஷ்பம் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

ஆகவே கடல் வடிந்த மூன்றாம் நாள், வண்டி ஓடவில்லை என்று கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவள் முன்வாசலுக்குப் போனபோது, உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. வண்டி இடுப்பு வரை கடல் குடித்துவிட்டு வெயிலில் நின்றது. கைப்பிடியில் பாசி காய்ந்திருந்தது.

"போனது போவட்டும்ட்டி, ஒன் உசுரு தப்புச்சே, அதைச் சொல்லு" என்றாள் தங்கபுஷ்பம்.

"அதுக்கென்னக்கா, இன்சூரன்ஸ் இருக்கு. ஆள் வந்து பாத்துட்டுப் புது வண்டியே குடுப்பாவளாம். இதை விடப் பெருசு" என்று சொல்லிச் சுயம்பு சீட்டின் மேல் கையை வைத்தாள்.

தங்கபுஷ்பத்துக்கு அடிவயிற்றில் சுரீர் என்றது. அதே நொடியில் சீட்டுக்கு அடியில் கறிவேப்பிலை தாளித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. சுயம்பு 'ஆத்தாடி' என்று கையை உதறினாள். உள்ளங்கை சிவந்துவிட்டது. தங்கபுஷ்பம் அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அந்த வாரத்திலேயே மற்ற பத்து வண்டிகளும் தங்கள் குணத்தைக் காட்டின. டவுனிலிருந்து பால்துரை என்ற மெக்கானிக் வந்தான். நல்ல பையன், தொழில் தெரிந்தவன். பதினோரு வண்டிகளையும் திறக்காமலே முகர்ந்து பார்த்துவிட்டு, கோயில் வாசலில் கூடியிருந்த ஜனத்திடம் தலைப்பாடாகச் சொன்னான்.

"கடத்தண்ணி பேட்டரிக்குள்ள போயிருச்சி. தண்ணி காஞ்சாலும் உப்பு உள்ளேயே கெடந்து அரிச்சிக்கிட்டே இருக்கும். இன்னைக்கும் பத்தலாம், ரெண்டு மாசம் கழிச்சும் பத்தலாம். அணைச்ச பெறவும் திரும்பப் பத்தும். சார்ஜ் போட்டுராதிய. வீட்டை விட்டு அம்பதடி தள்ளி, வெட்டவெளில நிறுத்திருங்க. எல்லாத்துக்கும் காரணம் உப்பு."

ஜனம் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. உப்பு! கண்ணேறு பட்டால் உப்பும் மிளகாயும் சுற்றித்தானே போடுகிறோம், உப்பைக் கரைத்துத்தானே கழிக்கிறோம், பையன் படித்தவன் ஆனாலும் சரியான வழியைத்தான் சொல்லுகிறான் என்று ஊர் முடிவு செய்தது. வெள்ளிக்கிழமை தோறும் பதினோரு வீட்டுப் பெண்களும் ஒரு குடம் தண்ணீரில் இரண்டு கை கல்லுப்பைக் கரைத்து, வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி, அதன் தலையிலேயே ஊற்றினார்கள். அடுத்த முறை வந்து இதைப் பார்த்த பால்துரை நடுத்தெருவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். பாவம், தொழிலில் என்ன நஷ்டமோ என்று அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

மற்றபடி ஊர் அந்தக் கொதிப்போடு ஒத்துப்போய்விட்டது. ஒத்துப்போனது மட்டுமா, கொஞ்ச நாளில் அது இல்லாமல் முன்னே எப்படி இருந்தோம் என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. டீக்கடை ஆறுமுகநயினார், கோர்ட்டில் பதினாறு வருஷமாக வழக்காடும் அண்ணன் தம்பி இருவரையும் தன் வண்டிக்கு இரு பக்கமும் பெஞ்சு போட்டு உட்கார வைத்துப் பாலைக் காய்ச்சினார். அரை லிட்டர் பொங்க ஏழு நிமிஷம், அண்ணன் புதுச்சட்டை போட்டு வந்தால் நாலு நிமிஷம். பெண் பார்க்க வருகிறவர்களை வண்டிக்குப் பக்கமாக நடத்திக் கூட்டி வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா கடக்கும்போது புகை வந்தால் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று காப்பியோடு அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் தன் வண்டியை ஆசிரியர்கள் அறைக்கு எதிர்த் திசையில், கொடிக்கம்பத்துக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தார். வயிற்றெரிச்சல் என்று அதுவரை வைது கொண்டிருந்த வார்த்தைக்கு அளவு வந்தது, கால் எரிச்சல், அரை எரிச்சல், முழு எரிச்சல் என்று. பெண்கள் எதிர்ப்பட்ட போதெல்லாம் ஒருத்தி சேலையை ஒருத்தி சத்தம் போட்டுப் புகழ்ந்தார்கள், புகழ்ந்துகொண்டே ஓரக்கண்ணால் பக்கத்தில் ஏதாவது வண்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்ததும் டியூஷன் மாஸ்டரின் வண்டி முழுசாகப் பற்றி எரிந்தது. மணல் போட்டு அணைத்தார்கள், சாயங்காலம் மறுபடி எரிந்தது, மறுநாள் மறுபடி. எதிர்வீட்டில் இன்னொரு டியூஷன் நடத்துகிறவர் மூன்றாவது எரிச்சலில் தாங்க முடியாமல் வெளியே வந்து, "அது என்னுதுதான்" என்று அழுதார். அன்றைக்கு ஊர்த் தலைவர் சண்முகவேல் ஒரு கட்டுப்பாடு போட்டார். இனி எந்த வண்டி எரிந்தாலும் அது யாருடைய எரிச்சல் என்று சபையில் கேட்கப்படும். சம்பந்தப்பட்டவர் தாமாக முன்வந்து 'என்னுது' என்று சொல்லிவிட வேண்டும். சொன்னவர் வீட்டில் ஒரு வருஷத்துக்கு யாரும் கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.

தங்கபுஷ்பம் அதைக் கேட்டுவிட்டு நேராகப் புறவாசலுக்கு வந்து நின்றாள். அவளிடம் சொத்து என்று இருந்தது அந்தப் புறவாசல் ஒன்றுதான். தினமும் நாலு மணிக்குத் தெருப்பெண்கள் எட்டுப் பத்துப் பேர் சந்து வழியாக வந்து வேப்பமரத்தடியில் உட்காருவார்கள். அவள் போடுகிற கருப்பட்டிக் காப்பியைக் குடிப்பார்கள், வேக வைத்த கிழங்கைத் தின்பார்கள், ஊரையே அலசிக் காயப்போட்டுவிட்டு இருட்டுகிறதற்குள் போவார்கள். 'எழவு, தெனமும் இதுகளுக்கு வடிச்சுக் கொட்டியே நான் போயிருவேன்' என்று அவள் புருஷனிடம் அலுத்துக்கொள்வாள். ஒரு நாள் இரண்டு பேர் குறைந்தால் மூன்று தடவை சந்துப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். அந்த வாசல் ஒரு வருஷம் வெறிச்சென்று கிடந்தால் அவள் எங்கே போவாள்?

பொறாமைப்படாமல் இருக்க அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். சுயம்பு வைக்கிற ரசம் வாயில் வைக்க விளங்காது என்பதை நினைத்துக்கொண்டாள். அவள் தூங்கினால் சுவர் தாண்டிக் குறட்டை கேட்கும் என்பதை நினைத்துக்கொண்டாள். கப்பல்காரன் பெண்டாட்டி, எட்டு மாதம் ஒற்றையாள், பாவம் என்று கண்ணீர் வருகிற வரைக்கும் நினைத்தாள். கண்ணீர் வந்தது, அதோடு, ஒற்றையாளாக இருந்தால்தானே நினைத்த இடத்துக்குப் போகலாம் என்கிற எண்ணமும் பின்னாலேயே வந்தது. முன்வாசலில் வண்டி சீறியது.

தை மாதம் தபால்காரர் வண்டியும் எரிந்து போன பிறகு, இன்சூரன்ஸ்காரர் வருகிற வரைக்கும் வண்டி முழுசாக இருக்க வேண்டுமே என்று பயந்த சுயம்பு ஒரு காரியம் செய்தாள். சங்குமுனையைத் தவிர வேறு எந்த ஊர்க்காரியும் அதைச் செய்திருக்க மாட்டாள். கண் படாத இடத்தில் இருந்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று அதை உருட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டாள். முன்னறையில், வாசலுக்கும் நடுச்சுவருக்கும் இடையில், ஒரு பழைய சேலையைப் போர்த்தி. ஐம்பதடி தள்ளி வை என்று பால்துரை தொண்டை வற்றக் கத்தியது ஐந்தடியாகச் சுருங்கியது. வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணீரும் இனி வீட்டுக்குள்ளேயே ஊற்றப்பட்டது.

யாருடைய கண்ணுக்குப் பயந்து மறைத்து வைத்தாள் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியாதா? அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்கப்புறம் நடுச்சுவரின் இந்தப் பக்கம் சூடேற ஆரம்பித்தது. சுவர் அலமாரியில் வைத்திருந்த கருப்பட்டி மெல்ல இளகிப் பாகாகி வழிந்து, தரை வரைக்கும் எறும்பு சாரை கட்டியது. வெறும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முதுகு வேர்த்தது. இப்படியே போனால் அந்தப் பிள்ளை சுயம்பு வீட்டோடு எரிந்து போகும், அதைச் செய்தவள் நானாக இருப்பேன் என்று ஒரு வியாழக்கிழமை காலையில் தங்கபுஷ்பத்துக்குப் பட்டது. அன்றைக்கே, அக்காளுக்கு முட்டுவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அவள் இருக்கிற நாசரேத்துக்குப் பஸ் ஏறினாள். தான் தூரத்தில் இருந்தால் வண்டி ஆறிவிடும். அதற்குள் இன்சூரன்ஸ்காரர் வந்துவிட்டால் போதும்.

நாசரேத்தில் மூன்று நாள் அவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு இருந்தாள். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, முன்பகல் பதினோரு மணி பஸ்ஸில் வந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது, வண்டி இந்நேரம் குளிர்ந்து போய்க் கிடக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தாள். முன்வாசல் கதவுக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே சுயம்பு இருமுகிற சத்தம் கேட்டது.

தங்கபுஷ்பம் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவுக் கொக்கி உள்ளே மாட்டியிருந்தது. கடல் குடித்து உப்பிய கதவு, தோளால் மூன்றாவது முறை மோதியதும் கொக்கியோடு பெயர்ந்து வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. சேலை கருகிச் சுருண்டு கிடந்தது. சீட்டுக்கு அடியில் பட்டாசு வெடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம், மூலையில், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுயம்பு நின்றாள். வெளியே வர வேறு வழியில்லை.

"எக்கா, கிட்ட வராதிய!"

"வாயை மூடிட்டுப் பின்னாலருந்து தள்ளுட்டி!"

வாசலில் நனைந்து கிடந்த சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தங்கபுஷ்பம் கைப்பிடியைப் பற்றி இழுத்தாள். சுயம்பு தலையணையை வைத்துப் பின்னாலிருந்து தள்ளினாள். இத்தனை நாளாகத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட கைப்பிடியை அன்றைக்குத்தான் தங்கபுஷ்பம் முதல் முதலாகப் பிடித்தாள். நிலைப்படியில் சக்கரம் மாட்டியது. இருவரும் சேர்ந்து தூக்கிக் கடத்தினார்கள். தெருவைத் தாண்டி எதிரே கிடந்த காலி மனையை நோக்கி இழுக்கையில், தங்கபுஷ்பம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"நாந்தாண்டி. எல்லாம் என் பாழாப்போன வயிறுதான். நீ அந்தப் பெட்டியை ஏத்திட்டுப் போம்போதெல்லாம்..."

"நீங்க இல்லக்கா!" சுயம்பு கத்தினாள். புகையில் கண்ணும் மூக்கும் ஒழுகியது. "நீங்க போன அன்னைலருந்துதான் இது பேயாக் கொதிச்சுது. மூணு நாளா நாலு மணியானா ஒவ்வொருத்தியா வந்து சன்னல்ல எட்டிப் பாக்கா. 'ஒங்கக்கா எப்ப வருவா, ஒங்கக்கா எப்ப வருவா'ன்னு. ஒருத்தி உள்ள வந்து உக்காரல. இப்பவும் பஸ்ஸுல ஏழு ஊருக்குப் போறேன். எல்லாரும் என்னைக் கண்டா கையை நீட்டிட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடுதாவ. ஊசியத்தான் பாக்காவ. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க எல்லாரும் சிரிக்கது கேக்கும். நான் இங்க ஒத்தையில உக்காந்து... என்னுதுக்கா. இது என்னுது."

தங்கபுஷ்பம் திரும்பி அவளைப் பார்த்தாள். ஆனாலும் கைப்பிடியை விடவில்லை. இருவருமாக வண்டியைக் காலி மனையின் நடுவில் தள்ளிவிட்டு ஓடி வந்து, சுவரோரம் விழுந்து கிடந்து பார்த்தார்கள். உள்ளதை எல்லாம் சொல்லி முடித்த பிறகாவது அது ஆறும் என்று சுயம்பு எதிர்பார்த்திருப்பாள். அது ஆறவில்லை. ஆள் உயரத்துக்குத் தீ எழுந்து, பச்சையும் ஊதாவும் கலந்து, கடல் இரைகிற மாதிரியே இரைந்துகொண்டு எரிந்தது.

தங்கபுஷ்பம் எழுந்து நின்று அந்தத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள்தான் மற்றவர்களைப் பார்த்து எரிந்திருக்கிறாள். அக்காளின் பாவாடையைப் பார்த்து, கூடப் படித்தவளின் சைக்கிளைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியின் மூக்குத்தியைப் பார்த்து. அவளைப் பார்த்து எரிய என்ன இருக்கிறது என்று அவளே கேட்டுக்கொண்டதில்லை. இதோ, இவ்வளவு உயரமாக, ஊரே கூடிப் பார்க்கிற மாதிரி, ஒருத்தி தன்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அவளுக்கு அது வலிக்கவில்லை. கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிறவள் போல நின்றாள் என்று பிற்பாடு பார்த்தவர்கள் சொன்னார்கள். பயத்தில் அப்படி நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஜனம் மணல் வாளிகளோடு ஓடி வந்தது. சண்முகவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே வந்து, பெண்கள் இருவருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து நின்ற பிறகு முறைப்படி கேட்டார்.

"இது யாரு எரிச்சல்?"

சுயம்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தாள். தங்கபுஷ்பம் அவள் முழங்கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள்.

"என்னுதுதான்" என்றாள்.

கூட்டத்தில் நாலு மணிக் காப்பிக்கு வருகிற பெண்கள் எல்லோரும் நின்றார்கள். ஒருத்தி 'ஐயோ' என்றாள். சண்முகவேலுக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"யோசிச்சுச் சொல்லு தாயி. நீ இப்பத்தான பஸ்ஸ விட்டு எறங்குன. மூணு நாளா ஊர்லயே இல்லியே."

"நாசரேத்துல இருந்துக்கிட்டே எரிஞ்சேன்" என்றாள் தங்கபுஷ்பம். "இங்க வரைக்கும் எட்டிருச்சி."

"எக்கா..." என்று சுயம்பு வாயெடுத்தாள்.

"நீ சும்மா இருட்டி" என்று தங்கபுஷ்பம் ஒரு அதட்டல் போட்டாள். அப்படி ஒரு அதட்டலை அவளிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. ஓரகத்தியின் மானத்தைக் காப்பாற்றத் தன் தலையைக் கொடுத்தாள், எப்பேர்ப்பட்ட மனசு என்று விஷயம் தெரிந்த பிறகு இரண்டொருவர் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தி அவளைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறாள். அதைச் சபையில் சொல்லிப் பத்துப் பேருக்குப் பங்கு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.